நாய் காதுல சீழ் திரும்பத் திரும்ப வருது, போன தடவை குடுத்த சொட்டு மருந்தையே வாங்கி ஊத்தலாமா?

ஊத்தாதீங்க. நான் டாக்டர் இல்ல, காரைக்குடியில ஒரு கடையில கணக்கு எழுதுறவன், ஆனா இதே தப்பைப் பண்ணி எங்க மணிய ஆறு மாசம் அழவிட்டவன், அதனால சொல்றேன்.

மணி லாப்ரடார், காது தொங்குற ஜாதி. ஐப்பசி மழையில ஊரணி நிறைஞ்சா அவனைப் பிடிக்க முடியாது, குதிச்சிருவான். ஈரம் காதுக்குள்ளயே நின்னு நாத்தம் எடுக்க ஆரம்பிச்சுச்சு. பழைய பாட்டில்ல மிச்சம் இருந்த ஆன்டிபயாட்டிக் சொட்டை விட்டேன், மூணு நாள்ல நாத்தம் போச்சு, நிறுத்திட்டேன். திரும்ப வந்துச்சு, திரும்ப விட்டேன், திரும்ப நிறுத்துனேன். நடுவுல அப்பத்தா வேப்பெண்ணெய் வேற காய்ச்சி விட்டாங்க (நாட்டு மருந்தைக் குறை சொல்லல, சண்டைக்கு வராதீங்க). நாலாவது தடவை மருந்து கேக்கவே இல்ல. பச்சையா சீழ், காதைத் தொட்டா கத்துறான், சோத்தைத் தொடல.

அப்புறம்தான் ஒழுங்கா ஒரு டாக்டர்ட்ட போனோம். அவர் உள்ள ஸ்கோப் விட்டு செவிப்பறை கிழியாம இருக்கான்னு பாத்தாரு, ஏன்னா கிழிஞ்சிருந்தா ஜென்டாமைசின் மாதிரி மருந்து உள்காதுக்குப் போய் நாய் செவிடாகலாமாம். சீழைக் கண்ணாடித் துண்டுல தடவி மைக்ராஸ்கோப்புல பாத்தாரு, சில நாய்க்கு வெறும் ஈஸ்ட்ங்கிற பூஞ்சையா இருக்குமாம், அதுக்கு ஆன்டிபயாட்டிக் ஊத்தி ஒரு பிரயோஜனமும் இல்ல. அப்புறம் ஸ்வாப் (பஞ்சுக் குச்சியில சீழ்) எடுத்து மதுரைக்குக் கல்ச்சர் டெஸ்டுக்கு அனுப்புனாரு, கிருமியை வளத்து எந்த மருந்துக்குச் சாகும்னு பாக்குற டெஸ்ட் அது. வந்தது சூடோமோனாஸ்னு ஒரு பாக்டீரியா. அந்தப் பேப்பர்ல மருந்து மருந்தா பேர் போட்டு நேரா ஆர், ஆர், ஆர்னு இருக்கு, ஆர்னா அந்த மருந்துக்குச் சாகாதுன்னு அர்த்தம். நான் மாசக்கணக்கா ஊத்துனதுக்கும் ஆர்தான். ரெண்டே ரெண்டுக்கு மட்டும் எஸ், அதாவது அந்த மருந்து கேக்கும்.

பாதியில நிறுத்தும்போது சாகாம தப்பிச்சதுதான் பெருகுது, அதோட இந்தக் கிருமி மேல கொழகொழன்னு ஒரு படலம் கட்டிக்கும், மருந்து அதைத் தாண்டி இறங்காதுன்னாரு. அதனால முதல்ல டிரிஸ் ஈடிடிஏன்னு காது கழுவுற மருந்துத் தண்ணி விட்டுக் கழுவி, கொஞ்ச நேரம் விட்டு அப்புறம் சொட்டு மருந்து. நாய்க் காது நேரா கீழ இறங்கி அப்புறம் உள்பக்கமா வளையும், பட்ஸ் விட்டா அழுக்கை உள்ளதான் தள்ளுவோம். ஏழு வாரம் ஆச்சு. நாத்தம் போனதும் நிறுத்தல, மைக்ராஸ்கோப்புல சுத்தமான அப்புறம்தான் நிறுத்த விட்டாரு.

காசு இருக்கிறவன் பேச்சுன்னு யாராச்சும் சொல்லுவீங்க. நான் கணக்கு எழுதுறவன், கூட்டிப் பாத்துட்டேன், வீணா வாங்குன பாட்டில் காசு டெஸ்ட் காசை விட அதிகம். ஒரத்தநாட்டுல அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு, அங்கயும் போய்க் கேளுங்க.

ஒண்ணு மனசு ஆறல. அந்த நேரத்துல ஒரு கல்யாணத்துக்கு வந்த பங்காளிங்க, நாத்தம் தாங்கல, நாயை வளவுக்குள்ள (எங்க பொது வீட்டு முற்றம்) விடாதன்னு ஒரே சத்தம். வருசத்துக்கு ஒரு தடவை வர்றவங்க, ஓடு மாத்த பங்கு கேட்டா போன் எடுக்க மாட்டாங்க. அவ்வளவு பெரிய வீட்டுல ராத்திரி ஆள் அரவம் கேட்டா குரைக்க அவன் ஒருத்தன்தான் இருக்கான்.

சரி, உங்க விசயம். ஸ்வாப் எடுக்கப் போறப்ப இதுவரைக்கும் ஊத்துன பாட்டிலை எல்லாம் பையில போட்டு எடுத்துட்டுப் போங்க, எண்ணெய் விட்டிருந்தா அதையும் மறைக்காம சொல்லிருங்க.