ரீச்சரைக் கேளுங்கள்: உணவு வங்கியும் ஊர் வாயும்

சனிக்கிழமைகளில் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு தேவாலயத்தின் கீழ்த்தளத்தில், காசு காணாதவர்களுக்கு இலவசமாக உணவுச் சாமான் கொடுக்கும் உணவு வங்கியில் நான் சாமான் பிரித்துக் கொடுக்க நிற்கிறேன் என்று போன இதழில் ஒரு வரி எழுதினேன். அந்த ஒரு வரிக்கு இவ்வளவு கடிதமா! இந்த முறை அவற்றுக்கே பதில்.

எங்கள் வீட்டுக்குக் கிட்ட உள்ள உணவு வங்கிக்கு நல்ல வான் வண்டியில் வந்து இறங்குகிறார்கள். கையில் ஐபோன், கழுத்தில் சங்கிலி. பெட்டி பெட்டியாக ஏற்றிக்கொண்டு போகிறார்கள். இவர்களுக்கு ஏன் கொடுக்க வேண்டும்? (வாசகர், மார்க்கம்)

அதிகம் பேர் கேட்டது இதைத்தான். வானில் இருந்து தொடங்குகிறேன். எங்களிடம் வரும் ஒரு குடும்பத்திடம் பழைய சியென்னா வான் இருக்கிறது. அப்பாவுக்கு மிசிசாகாவில் களஞ்சிய வேலை, விடியற்காலை நாலு மணிக்கு ஷிஃப்ட். அந்த நேரத்தில் ஸ்காபரோவில் இருந்து பஸ் பிடித்து அங்கே போய்ச் சேர்ந்துதான் பாருங்களேன். வானை விற்றால் ஒரு மாத வாடகை வரும், ஆனால் வேலை போய்விடும். ஐபோனும் அப்படித்தான். ஏஜென்சிக்காரன் நாளைக்கு வேலை இருக்கிறதா இல்லையா என்பதை இரவு பத்து மணிக்குக் குறுஞ்செய்தியில்தான் சொல்கிறான்.

சங்கிலிக் கதையைக் கேளுங்கள். வரிசையில் நின்ற ஒரு பிள்ளையின் கழுத்தைப் பின்னால் நின்றவர்கள் பார்த்துக் குசுகுசுத்தார்கள். அவளுக்கும் கேட்டுவிட்டது. வெங்காயப் பையை வாங்கும்போது, நான் ஒன்றும் கேட்காமலே, சங்கிலியை விரலால் தூக்கிக் காட்டினாள். "கவரிங் ரீச்சர், கொடி அடகில இருக்கு." தாலிக்கொடியை அடகு வைத்தது ஊருக்குத் தெரியக்கூடாது என்று போட்டது. அதைப் பார்த்துத்தான் ஊர் அவளைப் பணக்காரி என்கிறது.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்றும் பார்த்துவிடுவோம். அரிசி, பாஸ்தா, ரின் மீன், ரின் பீன்ஸ், உருளைக்கிழங்கு, வெங்காயம், கிடைத்தால் முட்டையும் பாலும். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு அது சில நாள் சாப்பாடு. ஒன்ராறியோவில் தனி ஆளுக்கு வெல்பெயர், அதாவது அரசு தரும் உதவிக் காசு, மாதம் 733 டொலர். 2018க்குப் பிறகு அது ஒரு சதம்கூட ஏறவில்லை. ஸ்காபரோவில் ஒரு பேஸ்மன்ற் அறைக்கே அது காணாது. வாடகையைக் கட்டிவிட்டுத்தான் அந்த மனிதர் எங்கள் வாசலுக்கு வருகிறார்.

ஏமாற்றுகிறவர்களே இல்லையா? இருக்கிறார்கள். ஒன்றிரண்டு முகங்கள் எனக்கே தெரியும். ஆனால் அவர்களைப் பிடிக்க வாசலில் வங்கிக் கணக்குப் புத்தகம் கேட்டால், ஏமாற்றுகிறவன் புத்தகத்தோடு வருவான். கூச்சப்பட்டுத் திரும்பிப் போவது அந்தக் கவரிங் சங்கிலிக்காரி.

நான் 1986இல் வந்தவன். கோப்பை கழுவி, இரண்டு வேலை செய்து, வீடு வாங்கினோம். யாரிடமும் கையேந்தவில்லை. இப்போது வருகிறவர்களுக்கு என்ன வந்தது? (வாசகர், ஏஜக்ஸ்)

அண்ணை, கோபிக்கக் கூடாது. வேலை அனுமதி வரும்வரை அந்தக் காலத்தில் எங்கள் ஆட்கள் எத்தனை பேர் வெல்பெயர் காசில் இருந்தார்கள் என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியும். ஒரே அப்பார்ட்மென்டில் எட்டுப் பேர் பாய் விரித்துப் படுத்ததும் தெரியும். நீங்கள் வந்த அதே 86 ஓகஸ்டில்தான் நியூபவுண்ட்லாந்துக்கு அப்பால் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழரை மீனவர்கள் கரை சேர்த்தார்கள். அவர்களுக்கு முதல் சாப்பாடு யாரோ கொடுத்ததுதான்.

உணவு வங்கியும் நேற்றுத் தொடங்கிய விஷயம் அல்ல. கனடாவில் முதலாவது 1981இல் எட்மன்டனில் வந்தது. ரொறன்ரோவின் டெய்லி பிரெட் 1983இல். பொருளாதாரம் விழுந்த நேரம், கொஞ்சக் காலத்துக்கு என்று தொடங்கினார்கள். மூடவே முடியவில்லை. 2019 மார்ச்சில் நாடு முழுக்க உணவு வங்கிகளுக்குச் சுமார் 11 இலட்சம் தடவை ஆட்கள் வந்தார்கள். 2024 மார்ச்சில் அது 20 இலட்சத்தைத் தாண்டியது. ஐந்து வருடத்தில் இத்தனை பேருக்கு ஒன்றாகச் சோம்பல் பிடித்தது என்று நம்ப என்னால் முடியவில்லை. அன்று இரண்டு வேலை செய்தவன் வீடு வாங்கினான். இன்று இரண்டு வேலை செய்கிறவன் வாடகை கட்டுகிறான்.

கணவருக்கு வேலையில் முதுகு அடிபட்டு வீட்டில் இருக்கிறார். பிள்ளைகள் மூன்று. போகத்தான் வேண்டும் என்று தெரிகிறது. கோயிலில் பார்க்கிற சனம் அங்கேயும் கண்டால் என்ன சொல்வார்கள் என்று கால் வருகுதில்லை. (வாசகி, ஸ்காபரோ)

பிள்ளை, கோயில் சனத்தில் கொஞ்சப் பேர் அங்கே வரிசையிலேயே நிற்கிறார்கள். அவர்களும் உங்களைக் கண்டதாகச் சொல்ல மாட்டார்கள்.

முதலில் செய்ய வேண்டியது: எந்த உதவி எங்கே கிடைக்கும் என்று சொல்லும் 211 என்ற தொலைபேசி எண்ணுக்கு அடியுங்கள். தமிழில் பேச ஆள் வேண்டும் என்று கேட்கலாம். உங்கள் தபால் குறியீட்டைச் சொன்னால் எந்த இடம் என்று சொல்வார்கள். வீட்டில் உள்ள எல்லாருடைய அடையாள அட்டையும், விலாசம் உள்ள ஒரு கடிதமும் கொண்டு போங்கள். கணவரின் காயத்துக்கு இழப்பீடு கேட்டு விண்ணப்பித்தாயிற்றா? இல்லையென்றால் அதை இந்தக் கிழமையே செய்யுங்கள்.

கூச்சத்தைப் பற்றி ஒன்று சொல்கிறேன். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது இலங்கையில், ஊரில் வீட்டுக்கு வீடு பங்கீட்டு அரிசிக்கான கூப்பன் புத்தகம். சங்கக்கடை (கூட்டுறவுக் கடை) வரிசையில் வாத்தியார் வீட்டுப் பையும், தபாலதிபர் வீட்டுப் பையும், கூலி வேலைக்குப் போகிறவர் வீட்டுப் பையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கிடக்கும். பையை வைத்துவிட்டு நாங்கள் விளையாடப் போவோம். கூப்பன் அரிசியில் கல் என்று எல்லாரும் திட்டினார்கள், வெட்கப்பட்டவர் ஒருவரும் இல்லை. 1978இல் அரசு கூப்பனை மாதம் 300 ரூபாய்க்குக் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு மட்டும் என்று வெட்டியது, அடுத்த வருடம் கூப்பனுக்குப் பதிலாக, கடையில் கொடுத்துச் சாமான் வாங்கும் உணவு முத்திரை வந்தது. அப்புறம்தான் "அவை முத்திரை எடுக்கிற ஆக்கள்" என்ற பேச்சுத் தொடங்கியது. அதே கடை, அதே அரிசி. பிரித்து நிறுத்தியவுடன் வெட்கமும் வந்துவிட்டது. ஆகவே இந்த வெட்கம் நீங்கள் செய்த எதனாலும் வந்ததல்ல. சனிக்கிழமை வாருங்கள்.

வெளிநாட்டு மாணவர்கள் இலவசம் என்று வந்து அள்ளுகிறார்களே? (வாசகர், பிரம்டன்)

உங்கள் ஊரிலேயே 2023இல் ஓர் உணவு வங்கி அவர்களுக்கு இல்லை என்று அறிவித்தது. அடுத்த வருடம் ஒருவர் இலவசமாகச் சாமான் வாங்குவது எப்படி என்று வீடியோ போட்டு ஊரெல்லாம் பேச்சு வாங்கினார். அந்த வீடியோ எனக்கும் எரிச்சல்தான். ஆனால் அதற்குத் திட்டு வாங்கியது வேறு பிள்ளைகள். கனடாவுக்குப் படிக்க வர, படிப்புக் கட்டணம் போக, வருடச் செலவுக்கு 10,000 டொலர் காட்டினால் போதும் என்று பல வருடங்களாக வைத்திருந்தார்கள். அது போதாது என்று அரசே ஒத்துக்கொண்டு 2024 ஜனவரியில் 20,635 ஆக்கியது. பழைய கணக்கை நம்பிக் காணியை ஈடு வைத்து அனுப்பிய தகப்பனுக்கு இங்கே வாடகை என்ன என்று யார் சொன்னது? இரவில் நூடில்ஸை மட்டும் தின்று வகுப்புக்குப் போகிற பிள்ளைக்கு இரண்டு ரின் மீன் கொடுக்க எனக்கு மனம் கோணவில்லை.

என்ன கொடுத்தால் நல்லது? (பலர்)

காசு. மொத்த விலைக்கு வாங்குவதால் உங்கள் பத்து டொலர் அங்கே கூடுதலாக வேலை செய்யும். சாமான்தான் என்றால் அரிசி, மைசூர்ப் பருப்பு, ரின் மீன், தேங்காய்ப்பால், குழந்தை டயப்பர், பெண்களுக்கான பாட். திகதி முடிந்த சூப் ரின் வேண்டாம், நீங்கள் சாப்பிடாததை மற்றவனும் சாப்பிட மாட்டான். நத்தாருக்கு எல்லாரும் கொண்டுவந்து குவிப்பார்கள், வைக்க இடம் இருக்காது. ஜூலை, ஓகஸ்டில்தான் தட்டுகள் காலி. அப்போது கொண்டு வாருங்கள்.