போர்க்களமும் டபுள் பேஸும்: மெட்டல் கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, எனக்குப் போர் வரலாறு பிடிக்கும், ஆனால் மெட்டல் இசை வெறும் கத்தலாகக் கேட்கிறது. எதில் தொடங்கட்டும்?

பதில்: பிரிட்டிஷ் மெட்டல் குழு அயன் மெய்டனின் ‘தி ட்ரூப்பர்’, 1983. கிரிமியப் போரில், 1854 அக்டோபர் 25 அன்று, குழப்பமான ஓர் உத்தரவால் ஏறத்தாழ 670 பிரிட்டிஷ் குதிரை வீரர்கள் பாலக்லாவாவில் ரஷ்யப் பீரங்கிகளை நோக்கி நேராகப் பாய்ந்தார்கள். நூறு பேருக்கு மேல் செத்தார்கள். ஆங்கிலக் கவிஞர் டென்னிசன் இதைக் கவிதையாக எழுதியபோது அந்தப் படையைத் தள்ளி நின்று பார்த்தார். அயன் மெய்டனின் பேஸ் கிட்டார்காரர் ஸ்டீவ் ஹாரிஸ் எழுதிய இந்தப் பாட்டில், குண்டடிபட்டு விழுந்து கவனிப்பாரின்றிச் சாகும் வீரனே பேசுகிறான். முதல் தடவை பேஸ் கிட்டாரை மட்டும் கவனியுங்கள். தாம்-தக, தாம்-தக என்று ஓடும். குதிரை ஓடுவதை வரிகள் சொல்லவே தேவையில்லை. போரைப் பாடும் மெட்டலில் நான் தேடுவது இதைத்தான்: சம்பவம் தாளத்துக்குள் இறங்கியிருக்க வேண்டும். பாடப்புத்தகத்துக்கு டிரம்ஸ் அடித்தால் போதாது.

கேள்வி: மேடையில் அந்தப் பாட்டுக்கு அவர்களின் பாடகர் ப்ரூஸ் டிக்கின்சன் சிவப்புக் கோட்டு போடுவாரே, அது சரியா?

பதில்: அழகு, ஆனால் தப்பு. அன்று பீரங்கிகளை நோக்கிப் பாய்ந்த லைட் பிரிகேட் (இலகு குதிரைப்படை) வீரர்களின் சீருடை நீலம். சிவப்பு பெரும்பாலும் ஹெவி பிரிகேடுக்கு (கனரகக் குதிரைப்படை). அவர்கள் அதே காலையில் வேறொரு தாக்குதல் நடத்தி ஜெயித்தும் விட்டார்கள். ஜெயித்தவர்களைப் பற்றி யார் பாடுகிறார்கள்!

கேள்வி: சபடான் குழுவின் ‘40:1’ பாட்டு உண்மைக் கதையா? ஒருவருக்கு நாற்பது பேரா?

பதில்: சம்பவம் உண்மை, கணக்கு இடிக்கிறது. 1939 செப்டம்பரில் போலந்தின் விஸ்னா அருகே, கேப்டன் வ்வாதிஸ்வாஃப் ராகினிஸ் தலைமையில் ஒரு சிறுபடை கான்கிரீட் காப்பரண்களுக்குள் இருந்தபடி ஜெர்மன் தளபதி குடேரியனின் படையைச் சில நாள் தடுத்தது. உயிரோடு இடத்தை விடமாட்டேன் என்று சபதம் செய்திருந்த ராகினிஸ், கடைசியில் கையெறிகுண்டால் தன்னையே முடித்துக்கொண்டார்.

போலந்து வீரர்கள் 350 முதல் 720 பேர் வரை என்பார்கள். எதிரில் 42,000 பேர் என்பது வழக்கமான கணக்கு. 720-ஐ வைத்தே வகுத்தாலும் ஒருவருக்கு ஐம்பத்தெட்டு பேர் வருகிறது. ஆனால் அந்த 42,000 பேரும் ஒரே நேரத்தில் அந்தக் காப்பரண்கள் மீது பாயவில்லை. அந்தப் பகுதிக்கு வந்த மொத்தப் படை அது. மெட்டல் பாட்டில் எண் வந்தால், யாரை யாரோடு சேர்த்து எண்ணினார்கள் என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள். பாட்டு என்னவோ அட்டகாசம்.

கேள்வி: இதெல்லாம் போரைக் கொண்டாடுவது ஆகாதா? ஸ்லேயர் குழு நாஜி ஆதரவு என்கிறார்களே?

பதில்: நியாயமான சந்தேகம். ஸ்லேயரின் ‘ஏஞ்சல் ஆஃப் டெத்’ (1986) பாட்டு, ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் கைதிகள் மீது சோதனைகள் நடத்திய நாஜி மருத்துவர் மெங்கலே பற்றியது. கொலம்பியா இசை நிறுவனம் அது இடம்பெற்ற ஆல்பத்தை விநியோகிக்க மறுத்தது. மெங்கலே கொடியவன் என்று தனியாக எழுதிக் காட்டத் தேவையில்லை, எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்பது பாட்டை எழுதிய ஸ்லேயர் கிட்டார்காரர் ஜெஃப் ஹானமனின் வாதம். நாஜி ஆதரவு என்று நான் சொல்லமாட்டேன். ஆனாலும் அந்தப் பாட்டில் மெங்கலே செய்ததெல்லாம் விலாவாரியாக இருக்கிறது, அனுபவித்த ஒரு முகம்கூட இல்லை. எனக்கு அது உறுத்தும்.

சபடான் சங்கதி வேறு. அவர்கள் ஸ்வீடனின் ஃபாலுன் ஊர்க்காரர்கள். 1814-க்குப் பிறகு அந்த நாடு வேறொரு நாட்டோடு போருக்குப் போனதில்லை! அதனாலோ என்னவோ எல்லாப் பக்கத்து வீரர்களையும் பாடுகிறார்கள், சில சமயம் கொஞ்சம் அதிகமாகவே சிலிர்த்துக்கொண்டு.

கேள்வி: பெண்கள் பற்றி ஏதாவது உண்டா சார்?

பதில்: உண்டு. சபடானின் ‘நைட் விட்சஸ்’, 2014. சோவியத்தின் 588-ஆவது இரவுக் குண்டுவீச்சுப் படையணியில் விமானிகள் எல்லோரும் பெண்கள். மரமும் துணியுமான போ-2 விமானத்தில் போய், இலக்கை நெருங்கியதும் எஞ்சின் சத்தத்தை அடக்கிவிட்டுச் சறுக்கி இறங்கிக் குண்டு போடுவார்கள். ஜெர்மானியர்களுக்குக் கேட்டதெல்லாம் காற்று உரசும் ஓசைதான். துடைப்பத்தில் பறப்பது போல இருந்ததால்தான் இரவுச் சூனியக்காரிகள் என்று பெயர். பாட்டு வேகமாக, நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த எஞ்சின் அடங்கும் நொடியை இசையில் வைத்திருக்க வேண்டாமா? கையில் கிடைத்ததை விட்டுவிட்டார்கள்.

சம்பவத்தை இசைக்குள் வைப்பதைச் சரியாகச் செய்தது மெட்டாலிகா குழுவின் ‘ஒன்’ (1988). முதல் உலகப் போரில் கை, கால், கண், காது, பேச்சு எல்லாம் போய் உடம்புக்குள் அடைபட்ட ஒரு வீரன், அமெரிக்க எழுத்தாளர் டால்டன் ட்ரம்போவின் நாவலில் வருகிறவன். மெதுவான கிட்டாரில் தொடங்கி, நடுவில் டபுள் பேஸ் டிரம்ஸ் (இரண்டு காலாலும் மாற்றி மாற்றி அடிக்கும் பெரிய டிரம்) இயந்திரத் துப்பாக்கியாக வெடிக்கும். அதற்குப் பிறகு பாட்டு அமைதிக்குத் திரும்புவதே இல்லை.

கேள்வி: இதைக் கேட்டு வரலாற்றுத் தேர்வுக்குப் படிக்கலாமா?

பதில்: பெயரும் வருஷமும் மனதில் நிற்கும், காரணம் நிற்காது. சபடானின் ‘தி கிரேட் வார்’ (2019) ஆல்பத்துக்கு ‘ஹிஸ்டரி எடிஷன்’ என்று ஒரு பதிப்பு உண்டு. பாட்டுக்கு முன் பின்னணியைப் பேசிச் சொல்வார்கள். அதில் தொடங்குங்கள். அப்புறம் பாடப்புத்தகத்தையும் திறங்கள், தம்பி.