பட்டா நிலத்தில் ஊளைக்குரங்கு: வாசகர் கேள்விகள்

சார், பெலிஸ் நாட்டில் 'பபூன் சரணாலயம்' இருக்கிறதாமே? அமெரிக்கக் கண்டத்தில் பபூன் ஏது? (மாணவர், திருச்சி)

பபூன் ஆப்பிரிக்கப் பக்கத்துக் குரங்கு, அங்கே கிடையாது. கறுப்பு ஊளைக்குரங்கைத்தான் அவ்வூர் கிரியோல் மக்கள் (ஆப்பிரிக்க, ஐரோப்பிய வம்சக் கலப்புள்ளவர்கள்) அப்படிக் கூப்பிடுகிறார்கள். ஊரார் வாயில் இருந்த பெயரையே சரணாலயத்துக்கும் வைத்தது எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

அரசு வேலி போட்ட காடா அது? (ஆசிரியை, கோவை)

வேலியே இல்லை அம்மா. எல்லாம் மாடு வளர்க்கும், காட்டை வெட்டி எரித்துப் பயிர் வைக்கும் குடும்பங்களின் சொந்த நிலம். 1985-ல் ராபர்ட் ஹார்விச் என்ற அமெரிக்க ஆய்வாளர் பெர்முடியன் லேண்டிங் கிராமத்தாரிடம் பேசினார். முதலில் 12 பேர் உறுதிமொழித் தாளில் கையெழுத்திட்டார்கள். பிறகு பெலிஸ் ஆற்றோரம் ஏழு கிராமங்களில் 200 பேருக்கு மேல் சேர்ந்தார்கள்.

அவர்களிடம் கேட்டது இவ்வளவுதான்: ஆற்றங்கரை மரங்களை விட்டுவையுங்கள், இரண்டு நிலத்துக்கு நடுவே ஒரு மரவரிசை இருக்கட்டும், குரங்கு தின்னும் அத்தி மாதிரி மரங்களை வெட்டாதீர்கள். இலையும் பழமும் தின்று மரத்திலேயே வாழும் பிராணி அது. கிளைக்குக் கிளை தொடர்பு அறுந்தால் தரையில் இறங்கியாக வேண்டும், இறங்கினால் நாய் கடிக்கும். கரையில் மரம் நின்றால் மண் அரிப்பும் குறையும், அது விவசாயிக்கு லாபம்.

கையெழுத்துப் போட்டவர் மரத்தை வெட்டினால் என்ன தண்டனை அண்ணா?

ஒன்றும் கிடையாது தம்பி. சட்ட பலம் இல்லாத தாள். இதை நான் மறைக்க மாட்டேன்: அங்கே காட்டுப் பரப்பு குறைந்தும் இருக்கிறது. சுற்றுலாப் பணம் எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரி போய்ச் சேராது. சேராத வீட்டுக்காரர் மரத்தை விட்டுவைக்க என்ன காரணம்? இப்போது நிர்வாகம் உள்ளூர்ப் பெண்கள் குழுவின் கையில் இருக்கிறது. வீட்டுச் செலவு தெரிந்தவர்களிடம் அது வந்தது நல்லது என்றே நினைக்கிறேன்.

ஆனாலும் குரங்குகள் தழைத்தன. ஊளைக்குரங்கே இல்லாமல் போயிருந்த, அதே நாட்டின் காக்ஸ்கோம்ப் காட்டில், 1992 முதல் இந்தச் சரணாலயத்திலிருந்து 62 குரங்குகளைக் கொண்டுபோய் விட்டார்கள்.

நம் நாட்டில் இது நடக்குமா? (வாசகி, பொள்ளாச்சி)

நடந்திருக்கிறது. அசாமின் காகோய்ஜானாவில் பொன்னிற லங்கூர் என்ற குரங்குக்காகக் கிராமத்தாரோடு சேர்ந்து உழைத்தவர்களில் அதே ஹார்விச்சும் ஒருவர். உங்கள் பக்கத்திலேயே வால்பாறை புதுத்தோட்டத்தில் சிங்கவால் குரங்குகள் ரோட்டைக் கடக்க, மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருக்கிறார்கள். அந்த வழியே போனால் வண்டியை மெதுவாக ஓட்டுங்கள். பழம் மட்டும் நீட்டிவிடாதீர்கள். ஒரு தடவை கொடுத்தாலும் அடுத்த வண்டியைத் தேடி ரோட்டில் இறங்கும்.