குடல் கிருமி இருக்கட்டும், குறட்டையைப் பாருங்கள்

மன்னார்குடி பக்கத்திலிருந்து எழுதிய அம்மாவுக்கு,

15 வயது மகன் குண்டாக இருக்கிறான், கணக்கில் மதிப்பெண் ஏறவில்லை என்று எழுதியிருந்தீர்கள். முதலில் அந்த 1,800 ரூபாய் புரோபயாட்டிக் (குடலுக்கு நல்ல பாக்டீரியா என்று விற்பது) டப்பாவை மூடி வையுங்கள். குடல் பாக்டீரியா கெட்டால் பிள்ளை குண்டாவான், புத்தியும் மந்தமாகும் என்று வீடியோவில் யாரோ சொன்னதை நம்பி வாங்கியிருக்கிறீர்கள். குண்டு எலியின் குடல் பாக்டீரியாவை வேறு எலிகளுக்கு மாற்றியபோது அவற்றின் கொழுப்பு கூடியது உண்மை. 2006-இல் அமெரிக்காவில் செய்து பார்த்தார்கள். குடலுக்கும் மூளைக்கும் நரம்பு வழியாகப் பேச்சு நடப்பதும் உண்மை. ஆனால் 15 வயதுப் பையனுக்கு எடையைக் குறைத்து, கணக்கில் மதிப்பெண்ணை ஏற்றும் மாத்திரை எந்தக் கடையிலும் இல்லை.

உங்கள் கடிதத்தில் என்னை நிமிர வைத்தது, 'பி.கு.' போட்டு எழுதிய ஒரே வரி: "ராத்திரி குறட்டை அதிகம், நடுவில் திணறி எழுந்திருக்கிறான், வகுப்பில் தூங்கி விழுகிறானாம்." எனக்கு அதுதான் கடிதமே. 86 கிலோ உடம்பில் கழுத்தைச் சுற்றிச் சேரும் கொழுப்பும், வீங்கிய டான்சிலும் தூக்கத்தில் மூச்சுப் பாதையை அடைக்கும். ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கும். மூளை பதறி, திரும்பத் திரும்ப அரைகுறையாக விழிக்கும். எட்டு மணி நேரம் படுத்திருந்தும் தூங்காத பிள்ளைக்குக் கணக்கு எப்படி நிற்கும்?

இன்று ராத்திரி அவன் சட்டையைக் கழற்றிப் படுக்கச் சொல்லி, குறட்டை விடும்போது போனில் வீடியோ எடுங்கள். நெஞ்சும் வயிறும் ஏறி இறங்கும், ஆனால் மூச்சுச் சத்தம் இருக்காது. பிறகு 'கர்ர்' என்று திணறி இழுப்பான். அப்படி இருந்தால் பொதுத்தேர்வு முடியட்டும் என்று தள்ளிப்போடாமல், இந்த வாரமே தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போங்கள். காலையில் தலைவலி உண்டா என்றும் அவனைக் கேட்டு வையுங்கள்.

அவன் கழுத்து கறுத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அது அழுக்கில்லை, பீர்க்கங்கூடு போட்டுத் தேய்க்காதீர்கள். இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளமாக இருக்கலாம். அதே நாளில் சர்க்கரையும் பார்க்கச் சொல்லுங்கள்.

பழைய சோறு புத்தியை மழுக்கும் என்கிறாராமே உங்கள் மாமியார்; மழுக்காது என்று நான் சொன்னதாகவே அவரிடம் சொல்லுங்கள். டியூஷன் முடிந்து வரும் வழியில் நாலு புரோட்டாவும் கலர் சோடாவும்தான் சிக்கல். குடல் பாக்டீரியாவுக்குத் தீனி போட ஆசையா? கொத்தவரங்காய், வாழைப்பூ, கீரை போதும். சளி பிடித்தாலே மெடிக்கலில் மூன்று நாள் ஆன்டிபயாட்டிக் வாங்கிக் கொடுப்பதாக எழுதியிருக்கிறீர்களே, அந்தப் பாக்டீரியாவை அழிப்பதே அதுதான்!

வீடியோவை அழித்துவிடாதீர்கள். டாக்டர் முதலில் அதைத்தான் கேட்பார்.