வலி இல்லாத பெரிய கல்லை விட்டுவைக்கலாமா?

கேள்வி: என் கணவருக்கு 52 வயது. வலது சிறுநீரகத்தில் 4 செ.மீ. கல், மான்கொம்பு மாதிரி கிளை விட்டிருப்பதாக ஸ்கேனில் வந்திருக்கிறது. அவ்வப்போது காய்ச்சல் வரும், மற்றபடி வலி இல்லை. முதுகில் துளை போட்டு எடுக்க வேண்டும் என்கிறார் டாக்டர். வாழைத்தண்டுச் சாறு, இல்லையென்றால் வெளியிலிருந்தே அதிர்வலையால் கல்லை உடைக்கும் ஷாக்வேவ் போதாதா?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: போதாது அம்மா. வாழைத்தண்டுச் சாறு இந்த அளவு கல்லைக் கரைக்காது. ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய கழிவு) கூடியிருந்தால் அதைக் குடிக்கலாமா என்பதையே டாக்டரிடம் கேட்க வேண்டும். ஷாக்வேவ் பொதுவாக 2 செ.மீ.க்கு உட்பட்ட கற்களுக்குத்தான். இவ்வளவு பெரிய கல்லை அப்படி உடைத்தால் துண்டுகள் சிறுநீர்க் குழாயில் வரிசைகட்டி அடைத்துக்கொள்ளும்.

எனக்குக் கவலை தருவது போகிறபோக்கில் நீங்கள் எழுதிய அந்தக் காய்ச்சல்தான். மான்கொம்புக் கற்கள் பல கிருமித் தொற்றால் வளர்பவை. கல்லுக்குள்ளேயே கிருமி இருக்கும், ஆன்டிபயாடிக் சாப்பிட்டால் காய்ச்சல் அடங்கும், ஆனால் கல் உள்ளே இருக்கும்வரை திரும்பத் திரும்ப வரும். வலி இல்லையே என்று விட்டால் சிறுநீரகம் கொஞ்சம் கொஞ்சமாகச் செயலிழக்கலாம், கிருமி ரத்தத்தில் பரவினால் உயிருக்கே ஆபத்து.

டாக்டர் சொன்னது பி.சி.என்.எல். என்ற துளைவழி அறுவை சிகிச்சை. 1976-ல் ஸ்வீடன் மருத்துவர்கள் இதைப் பற்றி முதலில் எழுதினார்கள். அதற்கு முன்பெல்லாம் விலாவுக்குக் கீழே நீளமாகக் கிழித்துத்தான் எடுத்தார்கள். இதில் மயக்க மருந்து கொடுத்து, எக்ஸ்ரே அல்லது அல்ட்ராசவுண்டில் பார்த்தபடி முதுகுப் பக்கம் சுமார் 1 செ.மீ. துளை வழியாக உள்ளே போய், லேசராலோ வேறு கருவியாலோ கல்லை நொறுக்கி வெளியே எடுத்துவிடுவார்கள். மினி முறையில் துளை இன்னும் சிறியது. கல் பல கிளைகளில் பரவியிருந்தால் இரண்டாவது துளையோ இன்னொரு நாள் மறுபடியும் செய்வதோ தேவைப்படலாம், அதை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ரத்தப்போக்கும் காய்ச்சலும் வர வாய்ப்புண்டு, ஆனாலும் கல்லை அப்படியே வைத்திருப்பதை விட இது எவ்வளவோ மேல்.

முக்கியமாக, யூரின் கல்ச்சர் (சிறுநீரில் கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை) எடுத்து, கிருமி இருந்தால் அதற்கான மருந்தைக் கொடுத்த பிறகுதான் ஆபரேஷன். ஆஸ்பிரின் மாதிரி ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் மறைக்காமல் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். அப்புறம், சிறுநீர்க் குழாய் அடைபடாமல் இருக்க உள்ளே ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாய் வைத்து அனுப்பினால் அதை எடுக்க வேண்டிய தேதியைக் காலண்டரில் குறித்துவையுங்கள். மறந்துபோய் மாதக்கணக்கில் விட்டால் அதன் மேலேயே கல் படியும். எடுத்த கல்லையும் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள், அது என்ன வகை என்று தெரிந்தால்தான் மறுபடி வராமல் தடுக்க வழி சொல்ல முடியும்.