பத்துப் பத்தாக வரும் 3 லட்சம் ரெக்கார்டு

கேள்வி: குலசேகரத்தில் ரப்பர் ஷீட் கொள்முதல் செய்கிறோம். 5 ஆண்டுக் கணக்கு, சுமார் 3 லட்சம் ரெக்கார்டு, மும்பையிலுள்ள ஆரக்கிள் சர்வரில் இருக்கிறது. குவெரி ஓட்டிப் பார்க்கும் எஸ்கியூஎல் டெவலப்பர் டூலில் 2 விநாடியில் விடை வருகிறது. எங்கள் ஜாவா புரோகிராம் அதையே இறக்க 15 நிமிடம் எடுக்கிறது. இன்டெக்ஸ் போட்டும் பலனில்லை.

பதில்: இன்டெக்ஸ் தேடும் நேரத்தைத்தான் குறைக்கும். உங்களுக்கு நேரம் போவது, கிடைத்ததைச் சுமந்து வருவதில். டெவலப்பர் காட்டும் 2 விநாடி முதல் 50 ரெக்கார்டுக்கு மட்டும். கடைசி வரை இறக்கிப் பாருங்கள், அங்கேயும் நேரம் இழுக்கும்.

ஜாவா புரோகிராமை டேட்டாபேஸோடு இணைப்பது ஜேடிபிசி டிரைவர். ஆரக்கிளின் டிரைவர், நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால், ஒரு தடவைக்கு 10 ரெக்கார்டுதான் எடுக்கும். 3 லட்சத்துக்கு 30,000 தடவை போய்வர வேண்டும். சர்வருக்குப் பிங் போட்டு, ஒரு தடவை போய்வரும் நேரம் 30 மில்லிவிநாடி என்று காட்டினால், மொத்தம் 900 விநாடி. உங்கள் 15 நிமிடம் அதுதான். ஒரு லோடு ரப்பர் ஷீட்டை மார்த்தாண்டத்துக்குப் பைக்கில் பத்துப் பத்தாகக் கொண்டுபோகிற வேலை இது.

குவெரியை ஓட்டுவதற்கு முன்பே ஜாவா ஸ்டேட்மென்டில் செட்ஃபெட்ச்சைஸ் (ஒரு தடவைக்கு எடுக்கும் ரெக்கார்டு எண்ணிக்கை) 1000 என்று கொடுங்கள். 300 தடவை, 9 விநாடி. அதற்குமேல் டேட்டா வந்துசேரும் நேரம்: ரெக்கார்டுக்கு 200 பைட் என்றால் 60 எம்பி, நொடிக்கு 20 மெகாபிட் லைனில் 24 விநாடி. எல்லா நெடுவரிசையையும் (column) கேட்கும் 'செலக்ட் ஸ்டார்' போட்டு ரெக்கார்டு 1 கேபி ஆனால் அதுவே 2 நிமிடம். தேதி, கிரேடு, எடை, விலை என்று வேண்டிய நெடுவரிசையை மட்டும் கேளுங்கள். பில் படத்தை அதே டேபிளில் பிளாப் (படம், ஃபைல் வைக்கும் வகை) ஆக வைத்திருந்தால் கட்டாயம் விலக்குங்கள். ஒவ்வொரு ரெக்கார்டுக்கும் தனிப் பயணம் கூடிவிடலாம்.

1000 நன்றாயிருக்கிறதே என்று 50,000 ஆக்காதீர்கள். 1000-த்தில் மிஞ்சியிருப்பதே 9 விநாடி. மிச்சம் பிடிக்க அதிகமில்லை, மெமரிதான் நிறையும். பழைய டிரைவர்கள், நெடுவரிசைக்கு அறிவித்த முழு நீளத்துக்கும் இடம் ஒதுக்கும்: 4000 எழுத்து வரை கொள்ளும் வார்கேர்2(4000) நெடுவரிசை ஒன்றுக்கு 1000 ரெக்கார்டுக்கே 8 எம்பி.

சரிபார்க்க, ஆரக்கிளின் எஸ்கியூஎல் பிளஸ் டூலில் 'செட் ஆட்டோட்ரேஸ் ட்ரேஸ்ஒன்லி' போட்டு அதே குவெரியை, அரேசைஸ் (அங்கே ஃபெட்ச்சைஸுக்குப் பெயர்) 10-லும் 1000-லும் ஓட்டுங்கள். ரவுண்ட்ட்ரிப் (போய்வரும் தடவை) எண்ணிக்கையும் நேரமும் சேர்ந்து இறங்கினால் காரணம் உறுதி. இறங்காவிட்டால், சர்வர் குவெரியை எப்படி ஓட்டுகிறது என்று காட்டும் எக்சிகியூஷன் பிளானைப் பாருங்கள்.

போஸ்ட்கிரெஸ் என்ற வேறு டேட்டாபேஸுக்கு மாறினால் நிலைமை தலைகீழ்: அதன் டிரைவர் எல்லா ரெக்கார்டையும் ஒரேயடியாக மெமரியில் கொட்டும். அங்கே ஃபெட்ச்சைஸ் வேலை செய்ய ஆட்டோகமிட்டை (ஒவ்வொரு கட்டளையையும் தானாக உறுதிசெய்யும் அமைப்பு) நிறுத்தியாக வேண்டும்.

மாத மொத்தம் மட்டும் போதுமென்றால் குவெரியில் மாதவாரியாக குரூப் பை போட்டு சர்வரிலேயே கூட்டுங்கள். 5 ஆண்டுக்கு 60 ரெக்கார்டுதான் வரும்.