மகளின் மச்ச அறுவை சிகிச்சை குறித்து

வணக்கம் அம்மா. 26 வயது மகளின் முதுகிலுள்ள மச்சத்தை அகற்றிப் பயாப்ஸிக்கு அனுப்பப்போகிறார்கள் என்று கேட்டதிலிருந்து தூக்கமில்லை என எழுதியிருந்தீர்கள். அகற்றிய மச்சத்தைப் பரிசோதனைக்கு அனுப்புவது வழக்கமான நடைமுறைதான்; அதனாலேயே மருத்துவர் புற்றுநோயைச் சந்தேகிக்கிறார் எனக் கொள்ள வேண்டியதில்லை. அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்யும் லிடோகெய்ன் ஊசி சில நொடிகள் சுரீரென்று எரியும். பிறகு இழுப்பதும் அழுத்துவதும் தெரியுமே தவிர வலி தெரியாது.

கவனம் தேவைப்படுவது அதற்குப் பிறகுதான். குனியும்போதும் கையை நீட்டும்போதும் முதுகுத் தோல் இழுபடுவதால், முகத்தில் ஒரு வாரத்திற்குள் பிரித்துவிடும் தையலை அங்கே பெரும்பாலும் 10 முதல் 14 நாள்வரை விட்டுவைப்பார்கள். அதுவரை கனமான எதையும் அவர் தூக்காமலிருப்பது நல்லது. சிவப்பு பரவினாலோ, சீழ் வடிந்தாலோ, காய்ச்சல் கண்டாலோ உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். உடன் வரலாமா என்பதை (நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன்) மகளிடமே கேட்டுவிடுங்கள். முதுகிலுள்ள காயக்கட்டைத் தானே மாற்றிக்கொள்வது கடினம் என்பதால், அதற்காவது உங்களை அழைப்பார்.